வகுப்பில் இட ஒதுக்கீடு பேசப்போகிறீர்களா? நான் பட்டதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்

அரசியலமைப்புச் சட்டம் நடத்துகிற எல்லா ஆசிரியர்களுக்கும் சமத்துவத்தையும் இட ஒதுக்கீட்டையும் பற்றிய பிரிவு 15, 16 வருகிற நாள் என்று ஒன்று உண்டு. அந்த நாளை எப்படிக் கையாள்வது என்று எம்.ஏ.விலும் சொல்லித்தரவில்லை, எம்.பில்.லிலும் சொல்லித்தரவில்லை, நெட் தேர்விலும் யாரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இதில் மாட்டியவர்கள் கண்டிப்பாக இருந்திருப்பார்கள், ஆனால் யாரும் வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் கல்லூரிப் பெயர், ஊர்ப் பெயர் எதுவும் இல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற யாராவது ஒருவருக்குப் பயன்பட்டால் போதும்.

நான் வேலை பார்ப்பது தென்மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரி. சம்பளம் 22,000 ரூபாய். அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு, வகுப்பில் பாதிக்கு மேல் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, பாடம் ஆரம்பிக்கும் முன்பே சாதி வகுப்பில் உட்கார்ந்திருக்கும். கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறம், பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர், வாட்ஸ்அப் முகப்புப் படம், யார் யாரோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள் என்பது, எல்லாமே அதைத்தான் சொல்லும். கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2019இலேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு பையனையும் அவன் தங்கையையும், அதே பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் கல்வி நிலையங்களில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. எங்கள் மாணவர்கள் அந்தப் பள்ளிகளில் இருந்துதான் வருகிறார்கள். அந்தப் பின்னணியை வெளியே கழற்றிவைத்துவிட்டு வகுப்புக்குள் வா என்று யாரிடமும் சொல்ல முடியாது.

அன்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன். இடது பக்கம் இட ஒதுக்கீட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள், வலது பக்கம் அவற்றுக்கான பதில்கள். முதலில் இடது பக்கத்தை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு வலது பக்கம் போவதாகத் திட்டம். முதல் இருபது நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு பையன் எழுந்து, "மேடம், எங்க அக்கா கஷ்டப்பட்டுப் படிச்சு எடுத்த கட் ஆஃபுக்கு சீட் இல்ல, அதைவிடக் கம்மியா எடுத்தவங்களுக்குக் கிடைச்சுது. இது எந்த நியாயம்?" என்றான். அவன் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை, கேட்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் பின்பெஞ்சில் இருந்து இன்னொருவன், "உங்க தெருவுல எங்கப்பா செருப்புப் போட்டு நடக்க முடியுமால, அதுக்கு மொதல்ல பதில் சொல்லு" என்றான். வகுப்பு அப்படியே உறைந்தது. அடுத்து எங்கிருந்தோ ஒரு குரல், "ஸ்காலர்ஷிப் வாங்குறவங்களையே கேளுங்க மேடம்." சொல்லி முடிப்பதற்குள் நாற்பது தலைகள் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் பக்கம் திரும்பிவிட்டன.

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. ஸ்கேலை வைத்து நோட்டில் தலைப்புக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே போட்ட கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி போட்டதில் அந்த இடத்தில் தாள் கிழிந்து, அடுத்த பக்கத்திலும் மை இறங்கியிருந்தது. "எல்லாரும் போர்டைப் பாருங்க. இங்க யாரும் யாருக்காகவும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல" என்று சத்தமாகச் சொன்னேன். தலைகள் திரும்பின. ஆனால் வலது பக்கப் பத்தியை ஆரம்பித்து ஓரிரு வரி போவதற்குள் மணி அடித்துவிட்டது, அடுத்த ஆசிரியர் வாசலில் நிற்கிறார். சூடு ஏறிய நிலையிலேயே வகுப்பு முடிந்தது. சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் தள்ளுமுள்ளு.

ராத்திரி ஒரு மாணவி போனில் அழைத்து வாட்ஸ்அப்பைப் பார்க்கச் சொன்னாள். வகுப்பில் யாரோ எடுத்த வீடியோ, ஒரு நிமிடம்கூட இருக்காது. "இட ஒதுக்கீட்டால் திறமை பின்னுக்குப் போகிறது" என்று என் குரலில் வருகிறது, அதோடு முடிகிறது. மறுநாள் இரண்டு புகார்கள். நான் இட ஒதுக்கீட்டுக்கு எதிரி, தாழ்த்தப்பட்ட மாணவர்களை அவமானப்படுத்தினேன் என்று ஒன்று. தங்கள் சமுதாயத்துப் பையனைப் பேசவிடாமல் அடக்கினேன் என்று எதிர்ப்பக்கத்தில் இருந்து இன்னொன்று. இரண்டுமே அந்த ஒரே வகுப்பைப் பற்றி. தெரியாத எண்களில் இருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. மிரட்டியவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்க என்ன ஆளு மேடம்?" நான் யாரென்று தெரிந்துகொண்டால், சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்களாம். அந்தக் கேள்வி என்னை நொறுக்கியது போல வேறெதுவும் நொறுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. காலையில் பஸ் ஏறும்போதே வயிற்றைக் கலக்கும். ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும்.

மெமோ வந்தது, மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். கூடவே வாய்வழியாக, "கொஞ்ச நாளைக்கு கிளாசுக்குப் போகாதீங்கம்மா, லைப்ரரில இருங்க" என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. மாதக் கடைசியில் சம்பளம் வரவில்லை. கேட்டால், நீங்கள் வகுப்பு எடுக்கவில்லையே என்று பதில். அடுத்த மாதமும் அதே கதை. மொத்தம் 44,000 ரூபாய். வக்கீலுக்கு 6,000 கொடுத்தேன். வாடகைக்காக வளையலை அடகு வைத்ததில் வட்டி தனி. பணத்தைவிட எனக்கு வலித்தது, அந்த அலைச்சலில் முனைவர் பட்ட ஆய்வுச் சுருக்கம் கொடுக்க வேண்டிய தேதி தவறிப்போனது. ஆறு மாதம் தள்ளிப்போய்விட்டது.

இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், இப்படி ஒரு நிலை வந்தால் முதலில் செய்ய வேண்டியது வாய்மொழி உத்தரவை எழுத்தாக்குவது. யாரும் உங்களுக்கு எழுதித் தர மாட்டார்கள், நீங்கள்தான் எழுத வேண்டும். "இன்று காலை தாங்கள் வாய்மொழியாகக் கூறியபடி வகுப்புகளுக்குச் செல்லாமல் நூலகத்தில் பணியில் உள்ளேன்" என்று பிரின்சிபாலுக்கு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். சண்டை வேண்டாம், கேள்வி வேண்டாம். தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் எனக்குச் சொன்ன முதல் விஷயம் இதுதான், அவருக்குக் கொடுத்த பணம் இதற்கே தகும். விளக்கக் கடிதத்தை அன்று ராத்திரியே எழுதாதீர்கள், கோபமும் அழுகையும் வரிக்கு வரி தெரியும். மறுநாள் உட்கார்ந்து, மணி வாரியாக என்ன நடந்தது என்று மட்டும் எழுதி, பாடத்திட்டத்தில் அந்த அலகு இருக்கிற பக்கத்தையும், துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) கையெழுத்துப் போட்ட வொர்க் டன் ரிஜிஸ்டர் (என்றைக்கு என்ன பாடம் நடத்தினோம் என்ற பதிவேடு) பக்கத்தையும் நகலெடுத்து இணையுங்கள். என்னைக் காப்பாற்றியது என்னவென்றால், நோட்ஸ் எழுதச் சோம்பல்பட்டு ஒரு மாணவன் கரும்பலகையை முழுதாகப் படம் எடுத்து வைத்திருந்தான். இரண்டு பத்தியும் அதில் தெளிவாக இருந்தன. அந்த ஒரு படத்துக்குப் பிறகுதான் விசாரணைக் குழுவின் பேச்சே மாறியது. இப்போதெல்லாம் கரும்பலகையை நானே படம் எடுத்துவிட்டுத்தான் வகுப்பை விட்டு வெளியே வருகிறேன்.

இன்னொன்று, யு.ஜி.சி. 2012இல் கொண்டுவந்த சமத்துவ மேம்பாட்டு விதிமுறைகளின்படி கல்லூரிகளில் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். நான் கேட்ட பிறகுதான் எங்கள் அலுவலகத்தில் அது யாரென்று தேடினார்கள். உங்கள் கல்லூரியில் அது யார் என்பதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், மாணவர்களுக்கும் சொல்லிவையுங்கள். அவர்களுக்குத்தான் அது இன்னும் அதிகம் தேவைப்படும்.

சரி, வகுப்புக்கு வருவோம். எங்கள் எச்.ஓ.டி. நல்ல மனிதர்தான், அவர் சொன்னது, "ஏம்மா இதெல்லாம், நோட்ஸ் டிக்டேட் பண்ணிட்டு வந்துர வேண்டியதுதான." பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பயத்தில் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. நாம் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பேச்சு நின்றுவிடுவதில்லை, சைக்கிள் ஸ்டாண்டிலும் ஹாஸ்டல் மாடியிலும் நடக்கும், அங்கே திருத்தவும் தடுக்கவும் ஆள் இருக்காது. எனவே பேசத்தான் வேண்டும், எப்படி என்பதுதான் விஷயம்.

திரும்ப வகுப்புக்கு அனுப்பப்பட்ட பிறகு அந்த அலகை மூன்று மணி நேரமாகப் பிரித்துவிட்டேன். முதல் மணி நேரம் தகவல் மட்டும், கருத்துக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டில் 69 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும், அது எப்படிப் பிரிகிறது என்று கேட்டால் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, அதில் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு 3, பழங்குடியினர் 1. மீதி 31 சதவீதம் பொதுப்பிரிவு, அதில் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். இதைக் கரும்பலகையில் போட்டதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. 'கோட்டா' என்றாலே எஸ்.சி. என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, அந்த 69இல் 50 தாங்களும் தங்கள் பக்கத்து வீட்டாரும் வருகிற பிரிவுகளுக்கு என்பது புதுச் செய்தி.

அடுத்து வரலாறு. 1927இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி அரசாணையில் பணியிடங்கள் பன்னிரண்டு என்றால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணர்களுக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர்களுக்கு இரண்டு, ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்று. எல்லோருக்கும் பங்கு இருந்தது. அந்த முறையைக் கல்லூரிச் சேர்க்கையில் வைத்தது செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதே ஆண்டு முதல் திருத்தம் வந்து, கல்விச் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் பிரிவு 15(4) சேர்ந்ததும் இந்த மண்ணில் இருந்து கிளம்பிய கதை. இதையெல்லாம் கேட்ட பிறகு "அவங்களுக்கு ஏன் கொடுக்கணும்" என்ற கேள்வி கொஞ்சம் கொஞ்சமாக "யாருக்கு எவ்வளவு, எதை வைத்து முடிவு செய்வது" என்று மாறுகிறது. கோபம் போய்விடாது. ஆனால் கோபத்துக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது.

இரண்டாவது மணி நேரம் எழுத்து. இங்கே எனக்கு ரொம்பக் கைகொடுத்தது 2022 நவம்பரில் வந்த பொருளாதாரத்தில் நலிந்தோர் இட ஒதுக்கீட்டுத் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அந்த ஒதுக்கீட்டைக் கொண்டுவந்த 103ஆவது திருத்தம் செல்லும் என்றார்கள், தலைமை நீதிபதி யு.யு. லலித்தும் நீதிபதி ரவீந்திர பட்டும் செல்லாது என்றார்கள். இரண்டு பக்கத்தில் இருந்தும் சில பத்திகளை எளிய தமிழில் எழுதி நகலெடுத்துக் கொடுத்து, நீங்கள் ஏற்காத தரப்பின் வாதத்தை முதலில் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் என்றேன். இதில் உள்ள வசதி என்னவென்றால், அந்தக் கருத்து நீதிபதி எழுதியது. வகுப்பில் இருக்கிற எந்தப் பையனுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, என் குரலில் வெட்டி எடுக்கவும் எதுவும் இல்லை.

மூன்றாவது மணி நேரம்தான் பேச்சு. அதற்கு முன் மாணவர்களையே விதிகள் எழுதச் சொல்லி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எச்.ஓ.டி.யிடம். போன் எல்லாம் மேசை மேல், என்னுடையதும் சேர்த்து. 'உங்க ஆளுங்க', 'எங்க ஆளுங்க' கிடையாது. ஊர்ப் பெயர், தெருப் பெயர் கிடையாது. யாரையும் அவர்கள் சமூகத்தின் சாட்சியாக எழுப்பக் கூடாது. சொந்த அனுபவத்தைச் சொல்ல விரும்பினால் அவர்களாகக் கை தூக்கிச் சொல்லலாம், யாரும் கேட்டு வாங்கக் கூடாது. உட்காருவது அகர வரிசைப்படி. சந்துரு குழு பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது அது, கல்லூரிக்கும் நன்றாகவே பொருந்துகிறது. முக்கியமாக, மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே பேச்சை நிறுத்திவிடுவேன். அந்தப் பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சூடு தணியாமல் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்பதை நான் எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் போதாது.

இரண்டு பத்தி போடுகிற முறையை நான் விடவில்லை, ஆனால் எதற்குப் போடுவது, எதற்குப் போடக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை சதவீதம், எத்தனை காலம், வருமான வரம்பு வேண்டுமா, இதெல்லாம் வாதம். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைவிடப் பிறப்பால் தாழ்ந்தவனா என்பது வாதமே இல்லை, தீண்டாமையை ஒழித்த பிரிவு 17 அதை முடித்துவைத்துவிட்டது. நடுநிலை என்ற பெயரில் அதற்கும் இரண்டு பக்கம் உண்டு என்று நிற்கிற ஆசிரியர் அந்த மூன்றாவது வரிசைப் பெண்ணைக் கைவிடுகிறார். சாதிப் பெயர் சொல்லி யாராவது இழிவாகப் பேசினால் அந்த நொடியே நிறுத்துங்கள், அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவரை அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் நாலு பேர் முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மிரட்டலாக இல்லாமல் தகவலாக. என்னிடம் யாராவது "உங்க கருத்து என்ன மேடம்" என்று கேட்டால், எல்லோரும் பேசி முடித்த பிறகு சொல்வேன்: இட ஒதுக்கீடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, மாற்றுக் கருத்து எழுதினாலும் இன்டர்னல் மார்க் குறையாது. இதைச் சொல்லாமல் மறைப்பதைவிடச் சொல்வதுதான் பிள்ளைகளுக்கு நம்பிக்கை தருகிறது என்பது என் எண்ணம். தேர்தல் நேரத்தில் கட்சி அரசியல் பேச்சு வந்தால் தலைவர்கள் பெயரை எடுக்காமல் தேர்தல் அறிக்கையை வைத்துப் பேசுங்கள், பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

அந்தப் பையனைப் பற்றி ஒரு விஷயம். அவனும் அவன் அக்காவும் பி.சி. சான்றிதழ் கொடுத்து விண்ணப்பித்தவர்கள்தான். வகுப்பு ஆசிரியர் என்ற முறையில் அந்தக் கோப்பு என் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து எல்லோர் முன்னாலும் காட்டினால் அவன் வாய் அடைத்துப்போகும், சில சக ஆசிரியர்கள் அப்படிச் செய்யச் சொல்லவும் செய்தார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது மாணவர் நம்மை நம்பிக் கொடுத்த ஆவணம், அதோடு அவமானப்பட்டவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை. நான் சதவீதக் கணக்கைப் பலகையில் போட்டேன், அவனே பார்த்துக்கொண்டான். பிறகு தனியாக வந்து அக்காவின் கவுன்சலிங் பற்றிக் கேட்டான். ஒரே கல்லூரியை மட்டும் தேர்வு செய்துவிட்டு வேறு எதையும் பட்டியலில் போடாமல் விட்டதால் சீட் போயிருக்கிறது. சொல்லிக்கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. அவன் கோபத்துக்கு அடியில் இருந்தது அதுதான்.

அந்தப் பெண்ணிடம் பேசியது பல நாள் கழித்து. புகார் கொடுக்க விருப்பமா, நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: வகுப்பு முடிந்ததும் தன்னைத் தனியாக நிறுத்திவைத்துப் பேச வேண்டாம், அதையும் எல்லோரும் பார்க்கிறார்கள். அக்கறையில் நாம் செய்வதும் அவர்களை அடையாளம் காட்டிவிடும் என்பது எனக்குத் தோன்றியிருக்காது, அவள் சொல்லித்தான் தெரியும். இப்போது யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அசைன்மென்ட் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன்.

விசாரணை முடிந்தது என்று வாயால்தான் சொன்னார்கள். எழுத்தில் வேண்டும் என்று கேட்டு, திரும்பக் கேட்டு, 'மேல் நடவடிக்கை இல்லை' என்று ஒரு வரி வாங்கினேன். நீங்களும் வாங்காமல் விடாதீர்கள், நாளைக்கு வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது யாராவது கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். ஒரு மாதச் சம்பளம் வந்தது, இன்னொரு மாதத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பருவத்தில் அந்த அலகு மறுபடி நடக்கிறது. அருந்ததியர் உள் ஒதுக்கீடு ஏன் என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். 2009இல் தமிழ்நாடு கொண்டுவந்த அந்தச் சட்டத்தில் இருந்து, 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் வகைப்பாடு (பட்டியல் சாதிக்குள்ளேயே பங்கு பிரிப்பது) செல்லும் என்று சொன்னது வரைக்கும் அடுத்த வாரத்துக்குத் தாள் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அதில் மாறுபட்ட ஒரே நீதிபதியின் தீர்ப்பையும் சேர்க்க வேண்டும். யாரிடமாவது அது எளிய தமிழில் இருந்தால் கொடுத்து உதவுங்கள், என் மொழிபெயர்ப்பு மாணவர்களுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கிறது.